முன்னால் போக வேண்டிய வண்டி

அன்று காலை என் கணவன் அர்னோல்தோ என்னோடு சண்டை போட்டது ரொட்டி மாவுக்காக.

எங்கள் வீட்டில் விறகடுப்புக்குப் பின்னால் ஒரு மூலை இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் ஒரே சீரான சூட்டில் இருக்கும் இடம் அது ஒன்றுதான். ஏப்ரல் முடிவில், எங்கள் பக்கத்துக் குளிர்காலம் தொடங்கும்போது, மோட்டார் சைக்கிளை ஷெட்டில் ஏற்றி நிறுத்தியதும், அதன் பேட்டரியைக் கழற்றி என்னுடைய பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி அந்த மூலையில் கொண்டுவந்து வைத்துவிடுவான். மாவு பொங்குவதற்கு நானும் அங்கேதான் வைப்பேன். இருபது வருடமாக இந்த எல்லைத் தகராறு தீரவில்லை.

"இந்தச் சட்டியைக் கொஞ்சம் தள்ளி வையேன். என் பேட்டரிக்கு மூச்சு முட்டுது."

"அஞ்சு மாசமா மூச்சு விடுறதைத் தவிர அதுக்கு என்ன வேலை? என் மாவுக்கு ஒரு மணி நேரந்தான்."

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ. வண்டி வெளிய போயிரும். அப்புறம் மூலை மொத்தமும் உனக்குத்தான், மகாராணி."

அவன் கையில் பெட்ரோல் வாடை அடித்தது. விடிந்ததிலிருந்து ஷெட்டில்தான் இருந்தான். பெட்ரோல் குழாயை மாட்டுகிற கிளிப் உடைந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான். நான் மாவுச் சட்டியைத் தள்ளி வைக்கவில்லை.

இரும்புக்கடையில் அவனுக்குக் கிளிப் எடுத்துக் கொடுத்த பையன், முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து ஒரு பெயின்ட் டப்பா மேல் உட்காரச் சொன்னானாம். உட்கார்ந்தான். "ஒண்ணுமில்ல, மாடிப்படி ஏறின மாதிரி இருக்கு" என்றானாம். அந்தக் கடைக்கு மாடியே கிடையாது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அது சனிக்கிழமை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று.

சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் எங்கள் புந்தா அரேனாஸில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அதிகம் பேர் இல்லை. வருடத்தில் பாதி நாள் சாலையில் பனிக்கட்டி, மீதி நாள் காற்று. இதற்கு நடுவில் வண்டி ஓட்டுவதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். அந்தப் பிடிவாதக்காரர்கள் எல்லாரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். அதற்குத் 'தென்காற்று' என்று பெயர். யாரும் எழுதி வைக்காத, ஆனால் யாரும் மீறாத ஒரு வழக்கம் அவர்களிடம் இருந்தது. அவர்களில் ஒருவர் இறந்தால், ஊர்வலத்தில் அவருடைய வண்டிதான் முதலில் போகும். வீட்டு ஆள் ஒருவர் அதை ஓட்ட வேண்டும். வாசலில் அந்த வண்டியின் சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் தங்கள் வண்டியைக் கிளப்புவார்கள். கல்லறைத் தோட்டத்தில் அந்த வண்டி அணைந்த பிறகுதான் மற்ற வண்டிகள் அணையும். கணவனின் பெட்டிக்குப் பின்னால் காரில் உட்கார்ந்து போன பெண்கள், அந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். செத்தவனுடைய குரல் மாதிரி இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள்.

போன வருடம் ஃபாக்குந்தோ என்ற நண்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவு, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அர்னோல்தோ சொன்னான்: "என் வண்டிய ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோனீங்க, பெட்டியத் திறந்துட்டு எறங்கி வீட்டுக்கு நடந்துருவேன். சொல்லிட்டேன்."

"வீட்டுக்கு வந்தா சோறு கிடையாது" என்றேன்.

அவன் என்னிடம் விட்டுப்போன ஆசை அது ஒன்றுதான். சொத்து, கடன் பற்றியெல்லாம் எதுவும் பேசியதில்லை. அந்த வண்டி முன்னால் போக வேண்டும், அதன் சொந்தச் சத்தத்தோடு. மகள் இவானியா வடக்கே சந்தியாகோவிலிருந்து ஞாயிறு மதியம் விமானத்தில் வந்து இறங்கினாள். கூடத்தில் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வண்டி ஸ்டார்ட் ஆகுதா?"

ஆகவில்லை. காலையிலேயே ஆகவில்லை.

சீரோ பாரியாதான் முதலில் உதைத்துப் பார்த்தவன். இவானியாவுக்கு அவன் ஞானத்தகப்பன். அதனால் என்னை எப்போதும் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவான். அடுப்புக்குப் பின்னாலிருந்த பேட்டரியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனவன், அரை மணி நேரம் கழித்துச் சமையலறை வாசலில் வந்து நின்றான். குளிரில் மற்றவர்கள் மூக்கு சிவந்திருக்க, இவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"கொமாத்ரே, கவலைப்படாதீங்க. அஞ்சு மாசம் தூங்கின வண்டி. எழுப்புறதுக்குக் கொஞ்சம் நேரமாகும்."

அந்தக் 'கவலைப்படாதீங்க'வைக் கேட்டதும்தான் எனக்குக் கவலை வந்தது.

பெட்டி கூடத்தில் இருந்தது. பெண்கள் அதைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். ஆண்கள் வருவார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள், அர்னோல்தோவின் முகத்தைப் பார்ப்பார்கள், என் கையைப் பிடிப்பார்கள். பிறகு ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி பின்கதவு வழியாக ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருவன்கூட முன்வாசல் வழியாகத் திரும்பிப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஷெட்டிலிருந்து கிக்கர் உதைக்கும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஜெபத்துக்கு நடுவே அது தாளம் போடுகிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் கோயோ சமையலறைக்குள் நுழைந்தான். இறைச்சிக்கடை வைத்திருப்பவன், ஆள் கதவு அகலம் இருப்பான். சூப் கொதிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில், அடுப்பின் இரும்புத் தட்டு மேல் எதையோ இடுக்கியால் வைத்தான்.

"அது என்னடா?" என்றாள் என் அக்கா த்ராகா.

"வண்டி பிளக்கு, அக்கா. சூடு பண்ணி மாட்டினா ஒரே உதைல எடுத்துரும்."

"நூறு பேருக்கு சூப் வைக்கிற அடுப்புல பெட்ரோல் சாமானா? எடுத்துட்டு வெளிய போடா, மாடு!"

"சூப்புக்கும் கொஞ்சம் ருசி வரும்ல."

யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பிளக் சூடேறியது, கோயோ அதை இடுக்கியில் பிடித்து ஊதிக்கொண்டே ஓடினான். நாங்கள் எல்லாரும் கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தோம். உதைத்தான். உதைத்தான். பிறகு அவன் கெட்ட வார்த்தை சொல்வது கேட்டது. உடனே யாரோ அவனை அதட்டினார்கள், பெட்டி இருக்கிற வீடென்று.

திங்கட்கிழமை காலையில் யாங்கோ வந்தான். ஊரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருப்பவன். போர்வெனிரில் ஒரு வேலைக்குப் போய் மாட்டிக்கொண்டு, முதல் படகைப் பிடித்து ஜலசந்தியைத் தாண்டி வந்திருந்தான். அவன் வந்துவிட்டான் என்றதும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையும் தொடாமல் பார்த்தான். நானும் இவானியாவும் கதவருகே நின்றோம்.

"இதுல யார் யார் என்னென்ன பண்ணுனீங்க?" என்று கேட்டான்.

ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"கேக்குறேன்ல. இந்தப் பெட்ரோல் பழசா புதுசா?"

"நான் பழசை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தினேன்" என்றான் சீரோ.

"நானும் வடிச்சேன்" என்று பின்னாலிருந்து ஒருவன்.

"எதை வடிச்ச? அவன் ஊத்தின புதுசையா?"

"அது புதுசுன்னு எனக்கென்ன தெரியும்?"

"சரி. கார்புரேட்டரைக் கழட்டினது யாரு?"

இரண்டு கைகள் உயர்ந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

"ஏர் ஸ்க்ரூவை யார் தொட்டது?"

இதற்கு எந்தக் கையும் உயரவில்லை. கோயோ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒரு கால் சுத்துதான்" என்றான்.

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"நான் வெளிப்பக்கம் கால் சுத்து" என்றான் சீரோ. "அப்ப சரியாப்போச்சுல்ல?"

"நானும் ஒரு தடவை..." என்று இன்னொருவன் ஆரம்பித்தான்.

யாங்கோ தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "டேய் பாவிங்களா. சாவு வீட்டுக்கு வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு சுத்து சுத்திட்டுப் போயிருக்கீங்க. அர்னோல்தோ எங்க விட்டான், எதை முடிச்சான், எதை முடிக்கல, ஒண்ணுமே தெரியாமப் போச்சே!"

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் அவர்கள். ஷெட்டில் ஒரு திருகு இருந்தது.

யாங்கோ எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தான். டேங்கைக் காலி செய்து சுத்தமான பெட்ரோல் ஊற்றினான். பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து உதைத்துக் காட்டினான். நீலமாக ஒரு பொறி தெறித்தது. சைலன்சருக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. உதைத்தான். இன்ஜின் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நெவென்கா, இந்த மாதிரிப் பழைய வண்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கும். முதல் தடவை எடுக்குறப்போ அவன் என்ன பண்ணுவான்? பார்த்திருக்கீங்களா?"

"பார்த்ததில்ல" என்றேன். "கேட்டிருக்கேன்."

அது உண்மை. ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். ஒவ்வொரு வருடமும் அவன் வண்டியை எழுப்புகிற காலையில் நான் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்று மாத்தே என்ற மூலிகைத் தேநீர் போடுவதற்குக் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பேன். சத்தம் ஒவ்வொன்றாக வரும். வண்டி கிளம்பியதும் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் எட்டிப் பார்த்ததே இல்லை. எதற்காகப் பார்க்க வேண்டும்? அடுத்த வருடமும் அதேதான் நடக்கப்போகிறது.

"அப்ப அதே இடத்துல போய் நில்லுங்க" என்றான் யாங்கோ. "நான் இங்க ஒவ்வொண்ணா பண்றேன். சரியா இருந்தா சரின்னு சொல்லுங்க."

நான் போய்த் தொட்டியருகே நின்றேன். த்ராகா எல்லாரையும் வாய் மூடச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டக்.

"பெட்ரோல் டேப்பு. இதுவா முதல்ல?"

"ஆமா. சரி."

பிறகு கொக் கொக் கொக் என்று கோழி கொத்துகிற மாதிரி ஒரு சத்தம்.

"கார்புரேட்டர் பொத்தானை அமுக்குறேன்."

"இன்னும் கொஞ்சம் அதிகமா வரும். தரையில சொட்டுற சத்தம் கேக்கும்."

அதிகமாக வந்தது. சொட்டியது. பெட்ரோல் வாடை சுவர் இடுக்கு வழியாக வந்தது.

"அடுத்து?"

"மெதுவா ரெண்டு உதை. கோபமா இல்ல. பசுவைத் தள்ளுற மாதிரி."

இரண்டு உதை.

"சரி. இதுதான். இப்ப சும்மா இருப்பான்."

"சும்மான்னா?"

"ஒரு சத்தமும் வராது."

"எவ்வளவு நேரம்?"

"கெட்டில் நெறையுற வரைக்கும்."

"அந்த நேரத்துல அவன் என்ன பண்ணுவான்?"

நான் சுவரைப் பார்த்தேன். தகரத்தின் மேல் நாங்கள் அடித்த வெளிர்பச்சை பெயின்ட். அங்கங்கே ஆணித்தலை துருவேறியிருந்தது.

"தெரியாது யாங்கோ."

"ஜெபம் பண்ணுவானோ?" என்று சீரோவின் குரல்.

"அர்னோல்தோவா? சாமியார்கிட்டயே பெட்ரோல் கடன் கேட்டவன்டா அவன்" என்றான் கோயோ.

"எதையாவது திருப்புவானா? சாவியத் திறக்குறது, லீவரைப் பிடிக்கிறது? நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். இன்றுவரை யோசிக்கிறேன். அந்த அமைதிக்குள் என் கெட்டிலில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்தான் இருக்கிறது. அவன் ஏதோ செய்திருக்க வேண்டும். துணியால் எதையோ மூடினானா, கையால் காற்றை அடைத்தானா, வெறுமனே நின்றானா. நான் குழாயைத் திறந்து வைத்திருந்தேன். அதனால் கேட்கவில்லை.

"குழாயைத் திறங்க" என்றான் யாங்கோ. "கெட்டில் நெறைஞ்சதும் சொல்லுங்க."

திறந்தேன். நிறைந்தது. "இப்ப" என்றேன்.

உதைத்தான். வண்டி ஒருமுறை குரைத்தது.

ஒரே ஒரு முறை. கனமான, அடித்தொண்டைக் குரைப்பு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடத்தில் ஜெபம் நின்றது. தெருவில் யாரோ "எடுத்துருச்சு!" என்று கத்தினார்கள். நான் கெட்டிலைக் கையில் வைத்தபடியே பின்கதவு வழியாக ஷெட்டுக்கு ஓடினேன். இவானியா வண்டி மேல் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்திருந்தாள். சைலன்சரிலிருந்து நீலப் புகை ஒரு சுருள் மட்டும் வெளியே வந்து, கதவுக்கு வெளியே காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. வண்டி நின்றுவிட்டிருந்தது.

அதன் பிறகு நான்கைந்து தடவை நான் தொட்டியருகே போய் நின்றேன், கெட்டிலை நிரப்பினேன், கொட்டினேன், மறுபடி நிரப்பினேன். அது இன்னொரு முறை குரைக்கவில்லை.

இரண்டு மணிக்கு மேல் தெருவில் தள்ளிப் பார்த்தார்கள். இவானியா செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடித்துக்கொண்டாள். கோயோவும் சீரோவும் பின்னாலிருந்து தள்ளினார்கள். காற்று எதிரே வந்தது. சதுக்கத்தில் ஆட்கள் பிடித்து நடக்கக் கயிறு கட்டுவார்களே, அந்த மாதிரி நாள். இவானியா கிளட்சை விட்டதும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. கோயோ அப்படியே வண்டியின் பின்சீட் மேல் குப்புற விழுந்தான்.

"மாமா, நீ ஏறுனா யாரு தள்ளுறது?" என்றாள் இவானியா. அழுகையும் சிரிப்புமாக வந்தது அவளுக்கு.

இறுதி ஊர்வல வண்டி ஓட்டுகிறவர் வந்து, பாதிரியார் கல்லறைத் தோட்டத்தில் காத்திருக்கிறார் என்று தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார். சீரோ என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"கொமாத்ரே, என் பிக்கப்புல ஏத்திருவோமா? மேல துணி போட்டு மூடிருவோம். அவனுக்குத் தெரியவா போகுது?"

"நீ போய் அவன் முகத்தைப் பார்த்து இதையே சொல்லு."

சீரோ தலையைக் குனிந்துகொண்டான். "இல்லன்னா, என் வண்டிய முன்னால ஓட்டிட்டுப் போறேன். சத்தமாவது இருக்கும்."

"உன் வண்டிச் சத்தம் தையல் மிஷின் மாதிரி இருக்குன்னுல்ல அவன் சொல்லுவான்?"

"ஆமா" என்றான். "சொல்லுவான்." தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அப்ப என்ன செய்யட்டும்னு சொல்லுங்க. எதுன்னாலும் செய்றேன்."

எனக்கு வேண்டியது ஒன்றுதான், அதை யாராலும் செய்ய முடியாது. "எனக்குத் தெரியல சீரோ" என்றேன்.

பெட்டியை வெளியே கொண்டுவந்தார்கள். தெரு நெடுக வண்டிகள் நின்றன. சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஒருவனும் இன்ஜினைக் கிளப்பவில்லை. முதல் வண்டியின் சத்தத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள். அது வராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் காத்திருந்தார்கள், வேறு என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியாததால். இப்படி ஒன்று இதற்கு முன் நடந்ததில்லை.

இவானியா வண்டியை நியூட்ரலுக்கு மாற்றினாள். இறங்கினாள். கைப்பிடி இரண்டையும் பிடித்து, உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ள ஆரம்பித்தாள். சவ ஊர்தி அவள் பின்னால் ஊர்ந்தது. அதற்குப் பின்னால் சீரோ, யாங்கோ, கோயோ, மற்ற எல்லாரும் தங்கள் தங்கள் வண்டியை அதே மாதிரி தள்ளிக்கொண்டு வந்தார்கள். முன்வண்டி ஓடாதபோது பின்வண்டி ஓடக்கூடாது என்று அந்த நேரத்தில் அவர்களே முடிவு செய்துகொண்டார்கள் போலிருக்கிறது. யாரும் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. பாதிப் பேருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. மேட்டில் மூச்சு வாங்கினார்கள். காற்று வண்டிகளைப் பக்கவாட்டில் சாய்த்தது. கோயோவின் வண்டி ஒருமுறை விழுந்தது. நின்று தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி தள்ளினான். டயர் உருளும் சத்தம், பூட்ஸ் சத்தம், இருமல். கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

அப்படி ஒரு ஊர்வலத்தைப் பார்த்ததில்லை, அழகாக இருந்தது என்று பின்னால் பலர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் காரில் உட்கார்ந்து அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் கேட்டது ஒரு சத்தம். அது கிடைக்கவில்லை. கல்லறையில் பெட்டி இறங்கியபோது, எல்லா இன்ஜினும் ஒன்றாக அணைய வேண்டிய நேரத்தில், அணைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. சைப்ரஸ் மரங்களுக்குள் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் அணைக்க முடியாது.

அந்த வசந்தத்தில் யாங்கோ வாரக் கடைசிகளில் வந்தான். இன்ஜினை முழுவதும் பிரித்து மாட்டினான். வால்வைப் பார்த்தான், காயிலை மாற்றினான். ஒரு நாள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்தான்.

"பெட்ரோல் வருது. பொறி வருது. காத்து வருது. கம்ப்ரெஷன் கல்லு மாதிரி இருக்கு. இதுக்கு மேல ஒரு இன்ஜினுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியல."

மாத்தேயை அவனுக்கு நீட்டினேன். "விட்டுரு" என்றேன்.

இவானியா விற்றுவிடலாமா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டாள், பிறகு அவளே வேண்டாம் என்றாள். அதற்கப்புறம் இரண்டு குளிர்காலம் போய்விட்டது. ஷெட்டுக்கு விறகெடுக்கப் போவேன். வண்டி ஸ்டாண்டில் நிற்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. அதன் இன்ஜினுக்கு அடியில் பிரித்த அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வைத்திருக்கிறேன். அது எப்போதும் எண்ணெய் ஒழுகுகிற வண்டி. அர்னோல்தோ எத்தனையோ கேஸ்கட் மாற்றியும், யாங்கோ மொத்தமாகப் பிரித்து மாட்டியும், ஒழுகுவது நிற்கவில்லை. இந்த வாரமும் அட்டையில், இடப்பக்கமாக, ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருக்கிறது.